ஸ்டோர் பேரிங்கும் வெள்ளை உலோகமும்

(தோட்டத் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் குடும்பத்தினருக்கும் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாங்கள் பேச எடுத்துக்கொண்டது பேரிங்குக்குள்ளே ஊற்றும் வெள்ளை உலோகத்தைப் பற்றி. மெக்கானிக்மார் 'வைட் மெட்டல்' என்று சொல்வார்கள். சில பேர் 'பேபிட்' என்பார்கள். "இது எஞ்சின் காம்பரா ஆட்களுக்குத்தானே, எங்களுக்கு என்னத்துக்கு?" என்று கொழுந்து எடுக்கிற அம்மாமார் நினைக்கலாம். அந்த உலோகத்தின் துண்டுகள் லயத்து வாசலில் பிள்ளைகள் கையில் விளையாட்டுச் சாமானாகக் கிடந்ததை நாங்கள் பல இடத்தில் பார்த்திருக்கிறோம். ஆகவே பாதிப் பேச்சு ஸ்டோருக்கு, பாதிப் பேச்சு வீட்டுக்கு. பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் ஸ்டோர்ப் பக்கம். ஒரு காலத்தில் நம் மலைநாட்டு ஸ்டோர்களில் ஒரு பெரிய எஞ்சினோ தண்ணீர்ச் சக்கரமோதான் எல்லா மெசினையும் ஓட்டியது. மேலே நீளமாக ஒரு இரும்புத் தண்டு, அதுதான் லைன் ஷாப்ட். அதிலிருந்து தோல் பெல்ட்டுகள் இறங்கி ரோளரையும் சல்லடையையும் ட்ரையர் காற்றாடியையும் சுழற்றும். கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டிய பழைய தொழிற்சாலையைத் தேயிலை நூதனசாலையாக மாற்றி 2001இல் திறந்தார்கள். அங்கே போனால் அந்தக் காலத்து எஞ்சின்களையும் ரோளர்களையும் கண்ணால் பார்க்கலாம். பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்ட வேண்டிய இடம்.

அந்தத் தண்டைத் தாங்குவதற்கு ஒரு பிடிமானம் வேண்டுமல்லவா? அதுதான் பேரிங். இப்போதுள்ள பேரிங்குகளில் உருண்டை இருக்கும், அல்லது உருளை இருக்கும். பழைய பேரிங்கில் ஒன்றும் உருளாது. இரண்டாகப் பிளந்த ஒரு இரும்புக் கூடு, அதன் உட்பக்கத்தில் வெள்ளியைப் போல மினுங்கும் மெத்தென்ற உலோகப் பூச்சு. தண்டு அதன்மேல் சும்மா வழுக்கிச் சுற்றும். இரும்புத் தண்டைத் தாங்குவதற்கு இரும்பைவிடக் கெட்டியானதைத்தானே போட வேண்டும், ஏன் கத்தியால் கீறினால் கோடு விழுகிற உலோகத்தைப் போட்டார்கள்?

காரணம் இருக்கிறது. தண்டும் கெட்டி, பேரிங்கும் கெட்டி என்று வைத்தால், எண்ணெய் கொஞ்சம் வற்றியவுடனே இரண்டும் ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும். தண்டு போனால் செலவு பெரிது, ஸ்டோரும் நிற்கும், வாடின கொழுந்து வீணாகும். மெத்தென்ற உலோகம் இருந்தால் அது முதலில் தேயும், அதிகம் சூடேறினால் அதுவே உருகி வழியும். தண்டு தப்பிக்கும். இன்னுமொரு நன்மை, எண்ணெயோடு வந்து சேர்கிற மணலையும் இரும்புத் துகளையும் அது தன் உடம்புக்குள் அமுக்கிக்கொள்ளும், தண்டைக் கீற விடாது. தண்டு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும் அதற்குத் தக்கபடி தானே வளைந்து கொடுக்கும்.

இந்த யோசனைக்கு உரிமை வாங்கியவர் ஐசக் பேபிட். அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் டோன்டன் என்ற ஊர்க்காரர். 1839இல் உரிமம் பெற்றார். அதைப் பயன்படுத்தும் உரிமைக்காக அமெரிக்கக் காங்கிரஸ் சபை அவருக்கு 20,000 டொலர் கொடுத்தது. அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. அவர் பெயரைத்தான் நம் மெக்கானிக்மார் இன்றும் 'பேபிட்' என்று வாயில் வைத்திருக்கிறார்கள்.

அவர் வழியில் வந்த நல்ல கலவை ஒன்றைச் சொல்கிறோம். நூறு பங்கில் 89 பங்கு வெள்ளீயம், ஏழரைப் பங்கு அன்டிமனி, மூன்றரைப் பங்கு செம்பு. வெள்ளீயம் தனியாக இருந்தால் பாரத்துக்கு நசுங்கிப் போகும். அன்டிமனியும் செம்பும் சேர்ந்தவுடன், உருகிய உலோகம் ஆறும்போது அதற்குள்ளே கெட்டியான சின்னச் சின்ன மணிகள் உண்டாகின்றன. நாம் சுடுகிற தேங்காய்ப்பூ ரொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு மெத்தென்று இருக்கும், இடையிடையே தேங்காய்ப்பூ கடிபடும். வெள்ளை உலோகமும் அப்படித்தான். கெட்டி மணிகள் தேயாமல் பாரத்தைத் தாங்கும், மெத்தென்ற பாகம் வளைந்து கொடுக்கும். அன்டிமனி கூடினால் சதுர மணிகள் உண்டாகும். அவை எடை குறைந்தவை, ஆறுமுன் மேலே மிதந்துவிடப் பார்க்கும். செம்பினால் உண்டாகும் ஊசி போன்ற மணிகள் முந்திக்கொண்டு உறைந்து, விறகுக் குச்சிகளைக் குறுக்கும் நெடுக்கும் போட்டது மாதிரி நின்று, அவற்றை மேலே போக விடாமல் பிடித்து வைக்கும். மூன்றரைப் பங்குச் செம்புக்கு அவ்வளவு வேலை!

உலோகம் எவ்வளவு நல்லதானாலும் வேலையின் பெரும்பகுதியைச் செய்வது எண்ணெய். இங்கிலாந்தில் பொஷாம்ப் டவர் என்ற பொறியியலாளர் 1883இல் இயந்திரப் பொறியியலாளர் சங்கத்துக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். ரயில் அச்சுப் பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, எண்ணெய் ஊற்றுவதற்கென்று பேரிங்கின் உச்சியில் ஒரு ஓட்டை போட்டார். தண்டு சுற்றியவுடன் எண்ணெய் உள்ளே போகவில்லை, ஓட்டை வழியாக மேலே பொங்கியது! மரக்கட்டையால் ஆப்பு அடித்தார், அதையும் தள்ளிக்கொண்டு வந்தது. பிறகு அளவுமானியைப் பூட்டிப் பார்த்தார். ஒரு சதுர அங்குலத்துக்கு 200 இறாத்தல் வரை காட்டும் மானி, அதன் எல்லையையும் தாண்டப் பார்த்தது. தண்டு சுற்றும்போது தன்னோடு எண்ணெயை இழுத்து ஆப்பு மாதிரி அடியில் திணித்து, அந்த எண்ணெயின் மேலேயே மிதக்கிறது என்பது அப்போதுதான் வெளிச்சமாயிற்று. 1886இல் ஒஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதைக் கணக்குப் போட்டு விளக்கினார்.

இதிலே நமக்கு ஒரு பாடம் உண்டு. பாரம் அழுத்துகிற பக்கத்தில் ஓட்டை போட்டால், வாய்க்கால் வெட்டினால், அந்த எண்ணெய் அழுத்தம் அந்த வழியாக ஓடிவிடும். எண்ணெய் வழி எப்போதும் பாரமில்லாத பக்கத்தில் இருக்க வேண்டும். "எண்ணெய் நல்லாப் போகட்டும்" என்று நல்ல மனசோடு நாலு பக்கமும் காடி வெட்டிப் பேரிங்கைக் கெடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

இன்று பெரும்பாலான ஸ்டோர்களில் மெசினுக்கு மெசின் தனி மோட்டார், உருண்டைப் பேரிங். லைன் ஷாப்ட் போய்விட்டது. அதனால் வெள்ளை உலோகம் செத்துப்போய்விட்டது என்று எண்ண வேண்டாம். பழைய எஞ்சின், பழைய பம்ப் இருக்கிற இடத்தில் இன்னும் இருக்கிறது. பெரிய கப்பல் எஞ்சின்களிலும் நீர்மின் இயந்திரங்களிலும் உலகம் முழுவதும் இதைத்தான் போடுகிறார்கள். அமெரிக்காவில் சஸ்குவஹானா ஆற்றில் ஹோல்ட்வுட் என்றொரு மின்நிலையம். அங்கே 1912இல் அல்பர்ட் கிங்ஸ்பரி என்பவர் செய்த பேரிங் ஒன்றைப் பொருத்தினார்கள். சுமார் 200 தொன் பாரம் வெள்ளை உலோகம் பூசிய சில துண்டுகளின் மேல், மெல்லிய எண்ணெய்ப் படலத்தில் நின்று சுற்றியது. 75 வருஷம் கழித்து, 1987இல், அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கம் அதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தபோதும் அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது. எண்ணெய் சுத்தமாக இருந்தால் இந்த மெத்தென்ற உலோகத்துக்கு அவ்வளவு ஆயுள்.

இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம். வெள்ளை உலோகம் ஒரே சாமான் இல்லை, இரண்டு சாதி இருக்கிறது. ஒன்று, மேலே சொன்ன வெள்ளீயக் கலவை. மற்றது காரீயக் கலவை. அதில் நூற்றுக்கு எழுபத்தைந்து, எண்பது பங்குக்கு மேலேயும் காரீயம் இருக்கும். வெள்ளீயம் விலை கூடியது, காரீயம் மலிவு. ஆகவே வேகம் குறைந்த, பாரம் குறைந்த பேரிங்குகளுக்குக் காரீயக் கலவையை ஊற்றுவது வழக்கம். வேலைக்கு அதுவும் பரவாயில்லை. உடம்புக்குத்தான் ஆகாது.

நம் பேச்சு வழக்கிலே இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. 'ஈயம்' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லிவிடுகிறோம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது, ஈயச் சொம்பில் ரசம் வைப்பது எல்லாம் வெள்ளீயம். அதனால் "ஈயந்தானே, எங்க அப்பாயி காலத்திலிருந்து அதிலே சமைச்சோமே" என்று சொல்வார்கள். அது வேறு, இது வேறு. மீன் பிடிக்கிற வலைக்குக் கட்டுவதும், பற்றறிக்குள்ளே இருப்பதும் காரீயம். அது நஞ்சு. பார்வைக்கு இரண்டும் வெள்ளையாக மினுங்கும். வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

எடை காட்டிக்கொடுக்கும். துண்டைத் தராசில் நிறுங்கள். பிறகு அளவுக் கோடு போட்ட ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்துத் துண்டை நூலில் கட்டி முழுக்க அமிழ்த்துங்கள். தண்ணீர் 100 மில்லிலீற்றர் உயர்ந்தால், வெள்ளீயக் கலவைத் துண்டு சுமார் 740 கிராம் நிறுக்கும். காரீயக் கலவையானால் ஒரு கிலோ அளவுக்கு வந்துவிடும். இடைப்பட்ட நிறை வந்தால் யாரோ இரண்டையும் கலந்திருக்கிறார்கள். அதையும் காரீயமாகவே மதித்துப் பக்குவம் பாருங்கள். சோதித்த பாத்திரத்தை மறுபடி சமையலுக்கு எடுக்கவே வேண்டாம்.

இரண்டையும் கலப்பது பேரிங்குக்கும் கேடு. "வெள்ளை உலோகம் கொஞ்சம் குறையுது, பழைய பற்றறித் தகட்டைப் போட்டு நிரப்பு" என்று சொல்கிற ஆட்கள் உண்டு. நல்ல வெள்ளீயக் கலவையில் காரீயம் நூற்றுக்கு அரைப் பங்குகூட இருக்கக்கூடாது என்பது விதி. ஏனென்றால் வெள்ளீயமும் காரீயமும் சேர்ந்தால் 183 பாகைச் சூட்டிலேயே உருகும் ஒரு பாகம் அதற்குள் உண்டாகிவிடும். தனி வெள்ளீயத்துக்கே 232 பாகை வேண்டும். அந்தப் பேரிங் கொஞ்சம் சூடேறினாலும் உள்ளுக்குள்ளே பலம் இழந்துவிடும்.

ஊற்றும் வேலையைப் பற்றி நிறையச் சொல்லலாம். பழைய உலோகத்தை உருக்கி எடுத்துவிட்டு, கூட்டைச் சுத்தமாகக் கழுவிக் காய வைத்து, உட்பக்கத்துக்கு வெள்ளீயம் பூசி, புகைக்கரி பிடித்த தண்டை நடுவில் நிறுத்தி, ஓரங்களைக் களிமண்ணால் அடைத்து, ஒரே ஊற்றாக ஊற்ற வேண்டும். வார்ப்பிரும்புக் கூட்டில் பூச்சு இலகுவில் ஒட்டாது. அதனால்தான் பழைய கூடுகளில் புறாவால் மாதிரிக் காடி வெட்டியிருப்பார்கள், உலோகம் அதில் கவ்விக்கொள்ளும். மேலே சொன்ன வெள்ளீயக் கலவையை ஊற்றுகிற சூடு 420 பாகை அளவு. சூட்டுமானி இல்லாத காலத்தில் காய்ந்த மரக்குச்சியை உள்ளே விட்டுப் பார்ப்பார்கள். குச்சி பழுப்பாகக் கருக வேண்டும், தீப்பிடிக்கக்கூடாது. தீப்பிடித்தால் சூடு மிதமிஞ்சிவிட்டது. இப்போது சூட்டுமானி வாங்கலாம், வாங்கித் தரும்படி நிர்வாகத்தைக் கேளுங்கள். ஆறிய பிறகு கூட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் மணி மாதிரிக் 'கணீர்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்றால் ஒட்டவில்லை.

ஈரம்! இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். தண்ணீர் ஆவியானால் அதன் இடம் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் பெருகும். உருகிய உலோகத்துக்கு அடியிலே ஒரு சொட்டு ஈரம் மாட்டினால், அந்த ஆவி மேலே இருக்கிற உலோகத்தை முகத்தில் வாரி அடிக்கும். நம் மலைநாட்டில் மழைக்காலத்தில் காய்ந்த சாமான் எங்கே இருக்கிறது? களிமண் ஈரம், கரண்டி ஈரம், முற்றத்தில் கிடந்த பழைய துண்டு ஈரம். ஒரு தோட்டத்தில், பெயர் வேண்டாம், மூடுபனி நாளில் அடைத்த களிமண்ணைக் காயவிடாமல் ஊற்றி, ஒரு இளம் பிட்டருக்கு முழங்கை முழுக்கப் பொசுங்கியதை நாங்கள் பார்த்தோம். கண் தப்பியது அவருடைய அம்மா கும்பிட்ட சாமி புண்ணியம். ஆகவே கூடு, கரண்டி, களிமண், போடுகிற துண்டு எல்லாம் முதலிலே நெருப்பருகில் வைத்துச் சூடேற்றப்பட வேண்டும். கண்ணாடி, தோல் கையுறை, மூடிய சப்பாத்து இல்லாமல் ஒருவரும் பக்கத்தில் நிற்கக்கூடாது. செருப்புப் போட்டுக்கொண்டு இந்த வேலையா? வேண்டவே வேண்டாம். ஓடுகிற பேரிங் சூடேறிப் புகைந்தாலும் பச்சைத் தண்ணீரை ஊற்றாதீர்கள். பாரத்தை எடுத்து, எண்ணெய் கொடுத்து, டீ மேக்கருக்கு உடனே ஆள் அனுப்புங்கள்.

இனி லயத்துப் பக்கம். உருக்கும்போது மேலே படிகிற சாம்பல் மாதிரிக் கசடு, சுரண்டும்போது பறக்கிற தூள், இவை காரீயக் கலவையிலே நஞ்சு. கண்ணுக்குத் தெரியாமல் கையிலும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வரும். வேலை முடிந்து வந்த அப்பா பிள்ளையைத் தூக்குவார். அதே கையால் வெற்றிலை மடிப்பார், அல்லது பீடி பற்றவைப்பார். வாய் வழியாக உள்ளே போய்விடும். சின்னப் பிள்ளை கையில் கிடைத்த துண்டை வாயில் வைத்துவிடும். பெரியவர்கள் உடம்பில் சேர்வதைவிட நாலைந்து மடங்கு சின்னப் பிள்ளை உடம்பில் சேரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. "இந்த அளவு வரை பரவாயில்லை" என்று சொல்லக்கூடிய அளவே இல்லை என்றும் அது சொல்கிறது. மூளை வளர்கிற வயதில் அது புத்தியைக் கெடுக்கும். படிப்பு ஏறாது, கவனம் நிற்காது. வாத்தியார் "மண்டு" என்று திட்டுவார், பிள்ளைமீது குற்றமே இருக்காது. இலங்கையில் 2002இல் பெற்றோலில் ஈயம் கலப்பதை நிறுத்தியதும் இதனால்தான்.

அம்மாமார் கவனியுங்கள். இரும்புச்சத்துக் குறைவான உடம்பு காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். தோட்டங்களில் இரத்தசோகை எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். காரீயம் எலும்பில் போய் வருஷக்கணக்காக உட்கார்ந்துவிடும். கர்ப்பமானவுடன் எலும்பிலிருந்து கல்சியம் கரையும்போது அதுவும் சேர்ந்து கரைந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போகும். ஆகவே மருத்துவிச்சி அம்மா கொடுக்கிற இரும்புச்சத்துக் குளிசையை ஒளித்து வைக்காமல் விழுங்குங்கள். அது இந்த வகையிலும் உதவி.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. இந்த வேலை செய்கிறவருக்கு ஸ்டோரிலேயே சவர்க்காரமும் தண்ணீரும் மாற்றுடுப்பும் இருக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள், தலைவர்மாரும் கேளுங்கள். அந்த உடுப்பைப் பிள்ளைத் துணியோடு பீலியில் துவைக்காதீர்கள். வேலை மேசையில் ரொட்டியை வைத்துத் தின்னாதீர்கள். உருக்கிய சட்டியை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், நன்றாகத் தேய்த்துவிட்டோம் என்றாலும். தூளைக் காய்ந்த விளக்குமாறால் கூட்டினால் காற்றில் பறக்கும், ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். உருக்கி ஊற்றுகிற இடத்தில் மட்டும் அந்த ஈரத்துணியும் வேண்டாம்!

வீட்டு அடுப்பில் உருக்கித் தூண்டிலுக்குக் குண்டு வார்க்கிற தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. அந்த அடுப்பில்தான் இரவு உங்கள் தங்கச்சிக்குப் பால் காய்கிறது.

வயிற்றுவலி, மலச்சிக்கல், களைப்பு, உடம்பு வெளுப்பு, பிள்ளைக்கு எரிச்சல் குணம் என்று இருந்தால் அது வேறு எதனாலும் இருக்கலாம். இரத்தம் பரிசோதித்தால்தான் தெரியும். வைத்தியரிடம் "அப்பா பேரிங் உருக்குகிறவர்" என்று நீங்களாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாது.

பழைய இரும்புக்காரர் விஷயமும் இருக்கிறது. வெள்ளீயக் கலவைத் துண்டை அவர் ஈய விலைக்கு வாங்கிக்கொண்டு போவார். அது தோட்டத்துச் சொத்து, கழற்றியவுடன் நிறுத்துக் கணக்கில் எழுதி, மூடியுள்ள தகர டின்னில் ஸ்டோரில் பூட்டி வைத்தால் மறுபடி ஊற்றலாம், அல்லது சரியான விலைக்கு விற்கலாம். பிள்ளைகள் கைக்கும் வராது.

அடுத்த கூட்டத்துக்குத் தராசும் அளவுப் பாத்திரமும் நாங்கள் கொண்டுவருகிறோம். உங்கள் ஸ்டோரில் பெயர் தெரியாத வெள்ளை உலோகம் கிடந்தால், டீ மேக்கர் அய்யாவிடம் சொல்லிப் பிட்டர் கையாலே மூடிய டின்னில் எடுத்து வரச் சொல்லுங்கள். எந்தச் சாதி என்று தண்ணீரில் அமிழ்த்தி உங்கள் முன்னாலேயே பார்ப்போம், டின்னின் மேலேயே எழுதி ஒட்டியும் விடுவோம்.